தம்பி சொன்ன பிளக்

பள்ளிகொண்டா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் காருக்கு விக்கல் எடுக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னே போகாமல் குலுங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனான். ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நாலும் கருப்பாக, ஈரமாக, மினுமினுவென்று இருந்தன. போட்டு ஒரு வாரம்கூட ஆகாத புது பிளக்குகள்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலே தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா ஆச்சு?"

"பிளக் போய்டுச்சு."

"மறுபடியுமா?"

அவர் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். காரைப் பொறுத்தவரை ஜன்னல் கண்ணாடியை இறக்கவும் ஏற்றவும் தெரியும், அவ்வளவுதான். நான் காட்பாடியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். பழைய கார்களை வாங்கி விற்பது அவன் தொழில். இந்தக் காரையும் அவன்தான் எனக்குக் கொடுத்தான்.

"அக்கா, எந்த நம்பர் போட்டிருக்கே?"

சொன்னேன்.

"அதான். அது ரொம்பக் குளிர்ச்சியான பிளக். உன் இன்ஜினுக்கு ஒத்துக்காது. இன்னும் ஒரு நம்பர் சூடா போடு. இப்போதைக்குத் துடைச்சிட்டு மெதுவா ஓட்டிட்டு வா. பேஜார் ஆவாதே. நான் இருக்கேன் இல்ல?"

நான் இருக்கேன் இல்ல. அதைக் கேட்டதுமே ஹைவேயில் நிற்கிற பயம் பாதி போய்விட்டது. பழைய துணியால் பிளக்குகளைத் துடைத்து மாட்டி, காரின் இருமலோடு வீடு வந்து சேர்ந்தோம்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பார்க்கிறவள். டேனரியிலிருந்து வந்து இறங்கும் தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கீறல், உண்ணி கடித்த தழும்பு, கத்திக் காயம் எல்லாம் தேடுவேன். இருபது வயதில் தொடங்கிய வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டதோ நாற்பதைத் தாண்டிய பிறகு. மகள் பெங்களூரில் படிக்கப் போய்விட்டாள், சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன, அதனால் கற்றுக்கொண்டேன்.

பழைய கார் மேல் ஆசை வந்தது வேலூரில் ஒரு கண்காட்சியில். கோட்டைக்கு எதிரே மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். புது கார் இன்ஜினைப் போல மேலே பிளாஸ்டிக் மூடி எதுவும் இல்லை. கார்புரேட்டர் இங்கே, டிஸ்ட்ரிபியூட்டர் அங்கே, அதிலிருந்து நாலு ஒயர் நாலு பிளக்குக்குப் போகிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். இவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தீர்மானித்தேன், இப்படி ஒன்றை வாங்கி நானே கழற்றி நானே பூட்டுவது என்று.

தம்பியிடம் சொன்னேன். அவன் என்னைவிட ரொம்பச் சின்னவன். பேரணாம்பட்டில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்க, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது நான். ஆனால் அவனுக்குக் கல்யாணம் ஆகி, தொழிலும் சூடு பிடித்த பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அப்படியே பழகிவிட்டது. கார் வேண்டும் என்று நான் சொன்ன அன்று அவன் குரலே மாறிவிட்டது.

"அக்கா, நீ பழைய கார் ஓட்டப் போறியா? சூப்பர்க்கா! நான் பாத்துத் தர்றேன்."

சில மாதம் கழித்து அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். வெளிர் நீல நிறம். முன்னால் வட்டமான இரண்டு விளக்கு. எங்கள் சந்தில் அது நுழைந்தபோது தையல் மெஷின் ஓடுவது போலத்தான் சத்தம் வந்தது. சாவியைத் தேங்காய் பழத்தட்டில் வைத்து என்னிடம் நீட்டினான். விலை அவன் சொன்னதுதான். தம்பியிடம் என்ன பேரம்?

"ஒண்ணு மட்டும் கேளுக்கா. ஓடுற வண்டியை நோண்டாதே. இப்படியே ஓட்டு."

நோண்டுவதற்காகத்தானே வாங்கினேன். அடுத்த லீவு நாளிலேயே இன்ஜின் ஆயிலை இறக்கினேன். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக வந்தது. பழைய வண்டிக்கு இப்படித்தான் ஊற்றுவார்கள் போல என்று நினைத்து, காருடன் வந்த கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினேன். பிளக்குகளையும் கழற்றி, ஒரு காலி பாலிஷ் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, கையேட்டில் இருந்த நம்பருக்கு வேலூரில் புது செட் வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பிளக் என்றால் பொறி கக்கும் ஒரு திருகாணி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மரை நீளம் சரியாக இருக்க வேண்டும். நீளம் அதிகமானால் உள்ளே பிஸ்டன் வந்து முட்டும். நுனியில் இருக்கிற இடைவெளி சரியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சூடு. சில பிளக் தன் சூட்டைச் சீக்கிரம் இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு ஆறிவிடும். அது குளிர்ந்த பிளக். சில பிளக் சூட்டைத் தன் நுனியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அது சூடான பிளக். அதிகக் குளிர்ச்சியானால் நுனியில் கரி ஏறிப் பொறி செத்துவிடும். அதிகச் சூடானால் நுனியே கொள்ளி மாதிரி ஆகி, ஒரு நாள் பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ஒரு கம்பெனி பிளக்கில் எண் ஏற ஏறச் சூடு, இன்னொரு கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி.

தம்பி இந்தக் குழப்பத்தைத்தான் பிடித்துக்கொண்டான். "நீ நம்பரைத் தலைகீழாப் படிச்சிட்டேக்கா" என்றான் முதல் தடவை. நான் மறுபடி போய் வேறு செட் வாங்கினேன். அதுவும் கருத்தது. "பெட்ரோல் ஜாஸ்தி போவுது, கார்புரேட்டரைக் கம்மி பண்ணு" என்றான். பண்ணினேன். "இடைவெளியைக் கொஞ்சம் அகலமா வை" என்றான். வைத்தேன். "பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற காயில் வீக்கா இருக்கும்" என்றான். மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் மறுபடியும் அதே இருமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவனே கூப்பிடுவான். "என்னக்கா, பிளக் எப்படி இருக்கு?" நான் அதற்காகவே பகலில் கழற்றிப் பார்த்து வைத்திருப்பேன். ஒண்ணாவது சிலிண்டர் இப்படி, மூணாவது அப்படி என்று நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வேன். அவன் கேட்டுக்கொண்டே, நடுவில் அவன் பெண்ணின் படிப்பு, பெண்டாட்டியின் முதுகு வலி என்று எல்லாம் பேசுவான். கம்பெனியில் டீ குடிக்கும்போது பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன், "கார் வாங்கினதுல எங்க தம்பி எனக்குத் திரும்பக் கெடைச்சான்" என்று. அவள்கூட, "குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

ஒரு நாள் வழக்கம்போல நாலு பிளக்கையும் கழற்றி வெயிலில் காம்பவுண்டு சுவர் மேல் வைத்தேன். பெட்ரோல்தானே, காயட்டும் என்று. சமையல் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தால், அதே மினுமினுப்பு. விரலால் தொட்டேன். பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை.

தோலில் தண்ணீர்க் கறை எப்படி இருக்கும், எண்ணெய்க் கறை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவள் நான். அத்தனை மாதமும் அதே விரலால் அதே பிளக்கைத் தொட்டிருக்கிறேன். அவன் பெட்ரோல் என்றான், நானும் பெட்ரோல் என்றுதான் தொட்டேன்.

இன்ஜின் எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. அப்படியென்றால் எண்ணெயை மேலே ஏறவிடாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு அழுத்தமானி உண்டு. பிளக் இருக்கிற துளையில் அதைப் பொருத்திவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டால், உள்ளே எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று முள் காட்டும். வாங்கி வந்தேன். வீட்டுக்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன்.

"நான் சொல்லும்போது ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிட்டு சாவியைத் திருப்புங்க."

"வண்டி ஓடிட்டா?"

"பிளக்கே இல்ல. எப்படி ஓடும்?"

முள் சோம்பேறித்தனமாகப் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. அடுத்த சிலிண்டரும் அப்படியே. துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றச் சொன்னேன். இப்போது முள் சரசரவென்று ஏறியது. ஆயில் போய் ரிங்கின் தேய்மானத்தை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். சந்தேகமே இல்லை. எந்த பிளக்கைப் போட்டாலும் இந்த இன்ஜினில் நிற்காது.

"இன்னா சொல்லுது?" என்றார் உள்ளே இருந்து.

"இன்ஜின் போய்டுச்சுன்னு சொல்லுது."

அவர் இறங்கி வந்து முள்ளைப் பார்த்தார். பிறகு, "அப்போ உங்க தம்பி குடுக்கும்போது மட்டும் எப்படி நல்லா ஓடுச்சு?" என்றார்.

காரைப் பற்றி அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. உள்ளே போய் பாலிஷ் டப்பாவை எடுத்து வந்தேன். வாங்கியபோது காரில் இருந்த பிளக்குகள். பெயின்ட் தின்னர் விட்டுத் தேய்த்தேன். அழுக்கு போனதும் பீங்கான் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. அதிகம் ஓடாத புது பிளக்குகள். அதிலிருந்த நம்பரை எந்தக் கையேட்டிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலூர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார்.

"மேடம், இது கார்ல போடறதே இல்ல. கெரசின்ல ஓடுற தண்ணி பம்பு இன்ஜினுக்குப் போடறது. ரொம்ப சூடு. ஆயில் வந்தாலும் எரிச்சித் தள்ளிடும்."

"கார்ல போட்டா?"

"கொஞ்ச நாள் நல்லா ஓடும். ஆயிலையும் கெட்டியா ஊத்திட்டா புகையும் தெரியாது. விக்கிறவங்க இப்படித்தான்…" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் வண்டி மேடம்?" என்றார்.

"என்னோடதுதான்" என்றேன்.

அப்போதும் எனக்குத் தம்பி மேல் சந்தேகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவனுக்கு இந்த வண்டியை விற்றவன் யாரோ, அவன்தான் இப்படிச் செய்திருக்கிறான், பாவம் தம்பியும் ஏமாந்துபோய்விட்டான் என்றுதான் நினைத்தேன். தெரிந்தால் மனசு உடைந்துபோவான், போனில் சொல்ல வேண்டாம், நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று வேலூரிலிருந்து அப்படியே காட்பாடிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு போனேன்.

அவன் ஆபீசில் தனியாகத்தான் இருந்தான். வெளியே கார்கள் வெயிலில் வரிசையாக நின்றன. "வாக்கா, சொல்லாம கொள்ளாம!" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்து, ஒரு பிளக்கை எடுத்து அவன் மேஜை மேல் வைத்தேன்.

"யாரோ உன்னை ஏமாத்திட்டாங்கடா."

அவன் பிளக்கைப் பார்த்தான். கையில் எடுக்கவில்லை. என்ன நம்பர் என்று கேட்கவில்லை. ஞாயிறு ஞாயிறு எந்த நம்பர், எந்த நம்பர் என்று கேட்டவன்.

"இன்ஜின் ரிங்கெல்லாம் தேய்ஞ்சி போயிருக்கு. அதை மறைக்க பம்பு இன்ஜின் பிளக்கைப் போட்டு உன் தலையில கட்டிட்டாங்க" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் குடுக்கும்போது ஓடுச்சு இல்லக்கா? நல்லாத்தானே ஓடுச்சு? உன்னை யார் கழட்டச் சொன்னது?"

எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே யாரோ ஒரு காரை ஸ்டார்ட் செய்து அணைத்தார்கள்.

"நீயா போட்டே?"

"இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான்க்கா. இன்ஜின் பிரிச்சி வேலை செஞ்சா எனக்கு இன்னா மிஞ்சும்?"

"எனக்குமாடா?"

"வேற ஆளுக்குக் குடுத்திருந்தா, மறுநாளே வந்து இங்க நின்னு கத்துவான். நீ கத்த மாட்டே. நீ ஓட்டுறதும் லீவு நாள்ல மட்டும்தானே. தாங்கும்னு நெனச்சேன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட நானும் கோபப்பட்டிருப்பேன். நியாயமான ஒரு கணக்கைச் சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னான்.

"அப்போ ஒவ்வொரு வாரமும் போன் போட்டு, இந்த பிளக் போடு, அந்த பிளக் போடுன்னு சொன்னியே. அது?"

"நீ ஆசையா கேட்டே. நான் இன்னா சொல்றது?"

நீ ஆசையா கேட்டே. நான் எழுந்தேன். "உக்காருக்கா, டீ சொல்றேன்" என்றான். பிளக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினேன். குடியாத்தம் தாண்டுகிற வரை கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்கப்புறம் எதிர் சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு வந்தது. காருக்காக இல்லை. இரும்பு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அவன் என்னிடம் பேச வேண்டும் என்று கூப்பிடவில்லை. நான் இன்ஜின் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று கூப்பிட்டிருக்கிறான். அந்தச் சாயங்காலங்களை நான் எவ்வளவு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால் உடம்பு கூசியது.

வேலூரில் ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்தோம். சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன், புது ரிங்கு எல்லாம் போட்டார்கள். லீவு நாட்களில் நானும் போய் நின்றேன். பூட்டி முடித்த அன்று கையேட்டில் சொல்லியிருந்த அதே நம்பர் பிளக்கை நானே மாட்டினேன். முதல் தடவை வாங்கியது, "தலைகீழாப் படிச்சிட்டே" என்று அவன் சொன்னது, அதேதான். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். டீக்கடை பிஸ்கட் நிறத்தில், உலர்ந்து, சுத்தமாக இருந்தது. புத்தகங்களில் காட்டுகிற அதே நிறம். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்குது போல" என்றார்.

பிறகு தம்பி பெண் பெரியவளானாள். காட்பாடியில் மண்டபம் பிடித்து விசேஷம் வைத்தார்கள். அத்தை நான் போகாமல் இருக்க முடியாது. குழந்தை என்ன செய்தது? புடவை, வளையல், பழத்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு காரிலேயே போனோம். வழியில் ஒரு இருமல் இல்லை. மண்டப வாசலில் நிறுத்தியதும் சொந்தக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பானெட் மேல் கை வைத்தான்.

"எங்க அக்காவுக்குன்னு நானே பொறுக்கி எடுத்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டீங்களா? தங்கம் மாதிரி!"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் நினைத்தது சரிதான். சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெண்ணுக்கு நலங்கு வைத்தேன், வளையல் போட்டேன், நெற்றியில் முத்தம் கொடுத்தேன். பந்திக்குக் கூப்பிட்டபோது வீட்டுக்காரரைக் கண்ணால் அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

காரைக் கிளப்புவதற்குள் தம்பி பெண்டாட்டி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கையில் ஒரு பை, அதில் கட்டிய சாப்பாடு.

"அண்ணி, இப்படிப் போனா இன்னா அர்த்தம்? உங்க கோவம் அவர் மேலதானே."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி. அக்காவுக்கு வேணாம், வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு. அவர்தான், அக்காதான் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கே குடுத்துடலாம்னாரு."

"எப்போ சொன்னே?"

"வண்டிய உங்க வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி."

வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். யார் தலையில் கட்டலாம் என்று யோசித்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இவள் முதுகு வலிக்கு நான் தைலம் வாங்கி அனுப்பியது அதற்கப்புறம்தான்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

உள்ளே இருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பையை ஜன்னல் வழியாகப் பின் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் பையைப் பிரித்தார். பிரியாணி, தாளிச்சா, கத்திரிக்காய் பச்சடி. "உனக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, பசி தாங்காமல் சாப்பிட உட்கார்ந்தார். நான் அவருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.